அந்த இடத்தை விற்றிருக்கலாமே என்று கேட்ட தம்பிக்கு

கொஞ்சம் நீளமான பதிவு. பொறுமையாகப் படியுங்கள். மறுத்துப் பேச நினைப்பவர்கள் தாராளமாக எழுதலாம். பிரம்பைத் தூக்கிப் போட்டு வருஷம் பல ஆகிறது.

போன வாரம் நம் பழைய மாணவர் குழுவில், லண்டனில் வேலை பார்க்கும் தம்பி ஒருவன் ஒரு படம் போட்டிருந்தான். பிஷப்ஸ்கேட் தெருவில் வானளாவிய கண்ணாடிக் கட்டிடங்களுக்கு நடுவே ஒரு குட்டித் தேவாலயம். கீழே இப்படி எழுதியிருந்தான்: "சார், இந்த ஊரில் ஒரு சதுர அடி என்ன விலை தெரியுமா? இந்தச் சர்ச்சுக்கு வருகிற கூட்டம் ஒரு வேனில் அடங்கிவிடும். இடத்தை விற்று நாலு ஆஸ்பத்திரி கட்டியிருக்கலாமே?" முப்பது பேர் அதற்கு லைக் வேறு போட்டிருந்தீர்கள். சரித்திரப் பாடம் நடத்தியவன் என்ற முறையில் எனக்கு அன்றிரவு தூக்கம் வரவில்லை.

முதலில் அது என்ன இடம் என்று சொல்கிறேன். அதன் பெயர் செயின்ட் எத்தல்பர்கா. 7ஆம் நூற்றாண்டில் பார்க்கிங் என்ற ஊரில் கன்னியர் மடத்துத் தலைவியாக இருந்த பெண்மணியின் பெயர் அது. தேவாலயத்தைப் பற்றிய முதல் எழுத்துக் குறிப்பு 1250ஆம் வருஷத்தது. இன்றைய வடிவம் ஏறக்குறைய 600 வருஷத்துக்கு முந்தையது. அளவைக் கேட்டால் சிரிப்பீர்கள். நம் பள்ளியின் மூன்று வகுப்பறைகளைச் சேர்த்தால் எவ்வளவோ, அவ்வளவுதான்.

1607இல் கடல் பயணி ஹென்றி ஹட்சன், வட துருவம் வழியாக ஆசியாவுக்கு வழி தேடிப் புறப்படும் முன், தன் கப்பல் ஆட்களோடு வந்து நற்கருணை பெற்றது இங்கேதான். அப்போது இங்கே குருவாக இருந்தவர் வில்லியம் பெட்வெல். ஜேம்ஸ் மன்னர் காலத்து ஆங்கில பைபிளை மொழிபெயர்த்த அறிஞர்களில் ஒருவர். அரபி மொழியை ஊன்றிக் கற்றவர். இந்த அரபி விஷயத்தை மனதில் வையுங்கள்.

1666இல் லண்டனே பற்றி எரிந்தது. 80க்கும் மேற்பட்ட தேவாலயங்கள் சாம்பலாயின. இது தப்பியது. இரண்டாம் உலகப் போரில் ஜெர்மன் விமானங்கள் குண்டு போட்டன. அப்போதும் பெரிய சேதமில்லாமல் தப்பியது.

தப்பாமல் போனது 1993 ஏப்ரல் 24, சனிக்கிழமை. அயர்லாந்துப் பிரச்சினைக்காக ஆயுதம் ஏந்திய ஐ.ஆர்.ஏ. அமைப்பினர், ஒரு லாரியில் வெடிமருந்தை நிரப்பி, இதற்குச் சில அடி தூரத்தில் நிறுத்திவிட்டுப் போனார்கள். பத்திரிகைப் புகைப்படக்காரர் ஒருவர் இறந்தார். நாற்பதுக்கும் மேற்பட்டோர் காயப்பட்டார்கள். தேவாலயத்தின் முகப்பும் கூரையும் இடிந்து விழுந்தன. மிஞ்சியது கற்குவியல்.

தம்பி, உன் கேள்வியை அன்றைக்கே பலர் கேட்டுவிட்டார்கள். பக்கத்துத் தெருவில் அதற்கு முந்தின வருஷக் குண்டில் சிதைந்த பால்டிக் எக்ஸ்சேஞ்ச் என்ற பழைய வணிகக் கட்டிடம் விலைபோய், அந்த இடத்தில்தான் இன்று எல்லோரும் செல்ஃபி எடுக்கிற 'கெர்கின்' கோபுரம் நிற்கிறது. இங்கேயும் மிச்சத்தை இடித்துத் தள்ளிவிடலாம் என்ற பேச்சு எழுந்தது. நியாயமும் இருந்தது. அந்த நகரப் பகுதியில் குடியிருப்பவர்களே சில ஆயிரம் பேர்தான். கூட்டம் குறைவு என்று நீ சொன்னது உண்மை. மறுக்கவில்லை.

ஆனால் கூட்டத்தை வைத்துக் கணக்குப் போட்டால் அது எப்போதோ இல்லாமல் போயிருக்கும். அந்தத் தேவாலயத்துக்குப் பணக் கணக்கு தெரியாது என்று நினைக்காதே. வாசலை அடைத்தாற்போல் இரண்டு கடைகளைக் கட்டி வாடகைக்கு விட்டிருந்தார்கள். தெருவில் போகிறவனுக்குக் கடை தெரியும், கோயில் தெரியாது. 1930களில்தான் அவற்றை எடுத்தார்கள். வாடகை வாங்கினார்கள், மனையை விற்கவில்லை. இந்த வித்தியாசம் நம்மூரில் பூர்வீக வீட்டைக் காப்பாற்றிய எந்தப் பாட்டிக்கும் புரியும்.

"இப்போது இருப்பது புதுசாகக் கட்டியதுதானே, இதில் என்ன பழமை?" என்று இன்னொருவர் கேட்டிருந்தார். அந்தக் கட்டிடம் எந்த நூற்றாண்டிலும் அப்படியே இருந்ததில்லை. உச்சியில் இருந்த மணிக்கூண்டு 18ஆம் நூற்றாண்டு. ஒவ்வொரு தலைமுறையும் இடிந்ததை எடுத்துக் கட்டி அடுத்தவர் கையில் கொடுத்தது. 1993க்குப் பிறகு வந்தவர்களும் அதைத்தான் செய்தார்கள். முகப்பைப் பழையபடி எழுப்பினார்கள். வெடித்துச் சிதறிய கண்ணாடித் துண்டுகளைப் பொறுக்கி கிழக்கு ஜன்னலில் பதித்தார்கள்.

இனி முக்கியமான விஷயம். அங்கே வெறும் நினைவுச் சின்னம் வைத்து, "எங்களுக்கு இந்தக் கொடுமையைச் செய்தவர்கள் இவர்கள்" என்று கல்வெட்டு அடித்திருக்கலாம். உலகம் முழுக்க அதுதானே நடக்கிறது? லண்டன் பிஷப் ரிச்சர்ட் சார்ட்டர்ஸ் வேறு யோசனை சொன்னார். 2002இல் அது சமரசத்துக்கும் சமாதானத்துக்குமான மையமாகத் திறக்கப்பட்டது. பின்பக்கத்தில் அரபு நாட்டு நாடோடிகளின் பாணியில் ஒரு கூடாரம் போட்டார்கள். எந்த மதத்தாரும் அதில் வட்டமாக உட்காரலாம். பெட்வெல் அரபி படித்த அதே மனையில்!

ஆஸ்பத்திரி வேண்டாம் என்று நான் சொல்லவில்லை. ஆஸ்பத்திரி கட்ட அரசாங்கத்திடம் கேள், வரி கட்டு, சண்டை போடு. ஆனால் குண்டு விழுந்த இடத்திலேயே, பகைத்தவர்கள் உட்கார்ந்து பேச மூன்று வகுப்பறை அளவு இடம் இருப்பதைப் பார்த்து "வீண்" என்று சொல்லாதே. அந்த மனையை விற்றிருந்தால் அங்கே இன்னொரு வங்கி வந்திருக்கும். அந்தத் தெருவில் வங்கிக்கா பஞ்சம்?

நீ வேலை பார்க்கும் கட்டிடத்திலிருந்து பத்து நிமிஷ நடைதான் என்று எழுதியிருந்தாய். வெளியே நின்று படம் எடுத்தது போதும். ஒருநாள் மதியச் சாப்பாட்டு நேரத்தில் உள்ளே போய் உட்கார். அதற்குப் பிறகும் விற்கலாம் என்றே தோன்றினால் எழுது, படிக்கிறேன்.

அன்புடன்,
உங்கள் சரித்திர வாத்தியார்