எந்த மாதத்துப் பச்சை?

கோலா குபு பாரு நிலையத்தையோ வட சிலாங்கூர்த் தோட்டம் ஒன்றையோ மாதிரி இரயில் தளமாக அமைப்பவர், எஞ்சினின் ஆணி வரிசை வரை சரிபார்க்கிறார். நிலக்காட்சிக்கு வந்ததும் டப்பாவில் விற்கும் பச்சைத் தூளைத் தூவி முடித்துவிடுகிறார். ஜெர்மனியின் நோக், ஃபாலர், அமெரிக்காவின் உட்லண்ட் சீனிக்ஸ் போன்றவை தரமான பொருள்களே. ஆனால் அவற்றில் பெரும்பாலானவை அந்நாட்டுப் புல்வெளிகளையும் காடுகளையும் பார்த்துக் கலந்த வண்ணங்கள். நம் நிலத்துக்குத் தூரிகையைத் தொடும் முன், இந்தத் தளம் எந்த ஆண்டு, எந்த மாதம் என்பதை முடிவு செய்தாக வேண்டும். வண்ணம் அந்த முடிவிலிருந்துதான் பிறக்கிறது.

நம் நாட்டில் பருவமே இல்லை, ஆண்டு முழுதும் ஒரே பச்சைதானே என்று சிலர் கேட்கலாம். பால்மரம் அதை மறுக்கிறது. ஆண்டின் தொடக்க மாதங்களில் இலைகள் மஞ்சளாகி, செம்மஞ்சளாகி, சில இடங்களில் சிவந்து உதிர்கின்றன. வெற்றுக் கிளைகளுக்கு ஊடே வெயில் தரையில் விழுகிறது. சில வாரங்களில் செம்பு நிறத் தளிர் விடுகிறது. அது இளம்பச்சையாகிப் பிறகுதான் கரும்பச்சையாக முதிர்கிறது. ஆக, ஒரே மரத்துக்கு நான்கைந்து வண்ணங்கள். அடிமரமோ பழுப்பே அல்ல. சாம்பல் நிறம், அதன்மேல் வெளிறிய பாசித் திட்டுகள், பால் வெட்டிய பட்டையில் மட்டும் செம்பழுப்பு. 25 சென்டிமீட்டர் தடிமனான மரம் 1:87 அளவில் 3 மில்லிமீட்டர்கூட வராது. அந்த அளவில் வெட்டுப்பட்டையை நுண்தூரிகையின் ஒரே சாய்கோடாக இழுத்து, அடியில் பால் கோப்பைக்கு ஒரு புள்ளி வைத்தால், அது ஏதோ ஒரு மரம் என்ற நிலை மாறிப் பால்மரமாகிவிடும்.

மாதம் இலையைத் தீர்மானிக்கிறது என்றால், ஆண்டும் இடமும் தரையைத் தீர்மானிக்கின்றன. தொடக்க காலத்தில் களையே இல்லாமல் சுரண்டி வைத்த தோட்டங்களில் மரங்களுக்கிடையே செம்மண் பளிச்சென்று தெரிந்தது. மண்ணரிப்பைத் தடுக்கப் பயற்றினக் கொடிகளை மூடுபயிராகப் படரவிட்ட பின் அதே தரை பச்சையானது. செம்பனை வந்த பிறகு நிழலும் தரையும் மீண்டும் மாறின. இடம் மாறினாலும் அப்படித்தான்: உலு சிலாங்கூர்ச் சரிவுகளில் செம்மண், பத்தாங் பெர்ஜுந்தையின் (இன்றைய பெஸ்தாரி ஜெயா) ஈயக் குட்டைகளைச் சுற்றி வெண்மணல், கோலா சிலாங்கூர்க் கரையோரத்தில் சாம்பல் களிமண். ஈயச் சுரங்கங்களிலிருந்து வந்த வண்டல் ஆற்றுப் படுகையை உயர்த்தி, வெள்ளம் திரும்பத் திரும்பப் புகுந்ததால்தான் பழைய கோலா குபு கைவிடப்பட்டு, நகரத் திட்டமிடுநர் சார்லஸ் ரீட் வகுத்த திட்டப்படி புதிய ஊர் எழுந்தது. அந்த ஊரின் ஆற்றுக்குத் தெளிந்த நீலம் தீட்டுவது அதன் வரலாற்றையே அழிப்பதாகும்.

அப்படியானால் அந்த ஊர் மண்ணையே சலித்து ஒட்டிவிடலாமே என்பது அடுத்த வாதம். ஒட்டலாம், நல்ல தொடக்கம்தான். ஆனால் நீர்த்த பசையில் உலரும் மண் கறுத்துவிடுகிறது. வீட்டு விளக்கோ வெயிலைவிடப் பல மடங்கு மங்கல். உண்மையான நிறம் என்பதாலேயே அது உண்மையாகத் தெரிந்துவிடாது. செங்காவியும் மஞ்சள் காவியும் கலந்து, சிறிது வெள்ளை சேர்த்து, உலர்ந்த தூரிகையால் மேடுகளை மட்டும் வருடினால் வெயில் பட்ட செம்மண் கிடைக்கும். பின்னணியில் தீத்திவங்சா மலைத்தொடர் தொலைவு கூடக் கூட நீலச் சாம்பலாக வெளிற வேண்டும். கலவையைத் தளத்தின் விளக்கடியிலேயே சோதியுங்கள். மஞ்சள் குண்டு பல்பு செம்மண்ணை இன்னும் சிவப்பாக்கி மலையின் நீலத்தைக் கொன்றுவிடும். மண்ணில் இரும்புத் துகள் இருக்கக்கூடும் என்பதால், ஒட்டும் முன் காந்தத்தை ஓட்டி எடுத்துவிட்டால் எஞ்சின் மோட்டாரும் பிழைக்கும்.

பொழுதுபோக்குக்கு இவ்வளவு கறார் எதற்கு என்று கேட்பவர்களுக்கு இங்கிலாந்தின் பெண்டன் அருங்காட்சியகமே விடை. அதை நிறுவியவர் ஆஸ்திரேலியாவிலிருந்து வந்த ராய் இங்லண்ட். அவர், கண்முன் மறைந்துகொண்டிருந்த கூரை வேய்ந்த கிராமங்களை 1:76 அளவில் மாதிரிகளாகப் பதியத் தொடங்கினார். 1930களின் அந்தக் கிராமப்புறம் இன்றும் அங்கே வண்ணத்தோடு இருக்கிறது. நம் தோட்டங்களின் பழைய புகைப்படங்களோ பெரும்பாலும் கறுப்பு வெள்ளை. லயத்துச் சுவரின் சுண்ணாம்பு எந்த நிறம், தகரக் கூரையில் துரு எங்கே தொடங்கும், மழைக்குப் பின் தோட்டப் பாதை எப்படி இருக்கும் என்பதெல்லாம் அங்கே பால் வெட்டிய பெரியவர்களின் நினைவில்தான் இருக்கின்றன. கலவை வண்ணத்தை அட்டையில் தீட்டி அவர்களிடம் காட்டிக் கேளுங்கள். அவர்கள் சொன்னதை ஆண்டு, மாதம், இடத்தோடு குறித்து வையுங்கள். அந்தக் குறிப்பு கையில் வந்த பிறகு வண்ணப் புட்டியைத் திறந்தால் போதும்.