இருபது வயது கேட்டார்கள். எட்டு மணி நேரம் தந்தார்களா?

இருபது வயது. கல்லூரி வாயிலில் பட்டம் வாங்கக் காத்திருக்கும் வயது சிலருக்கு. பட்டாளத்துக்குப் பெயர் கொடுக்கும் வயது சிலருக்கு. நாமக்கல் வட்டாரத்து ஏழை வீட்டுப் பையனுக்கோ, லாரியின் ஸ்டியரிங்கைப் பிடிக்கச் சட்டம் இசைவு தரும் வயது! இருபது நிரம்பாதவன் சரக்கு வண்டியைப் பொதுச்சாலையில் ஓட்டலாகாது என்கிறது 1988ஆம் ஆண்டு மோட்டார் வாகனச் சட்டம். அதற்கு முன்பே இலகு வாகன உரிமம் பெற்று ஓராண்டு கழிந்திருக்கவும் வேண்டும். எட்டாவது தேறியிருக்க வேண்டும் என்றும் ஒரு விதி இருந்தது. 2019ல் அதை எடுத்துவிட்டார்கள். எடுத்ததிலே நமக்கு வருத்தமில்லை. படிப்பு, ஏழைக்குப் படிக்கட்டாக இருக்கட்டும்; தடைக்கல்லாக வேண்டாம்.

வயதைக் கேட்டார்கள், சரி. கண்ணைச் சோதித்தார்கள், சரி. ஓட்டிக் காட்டச் சொன்னார்கள், மெத்தச் சரி! பிறகு? உரிமத்தைக் கையிலே கொடுத்து, "போய் வா தம்பி, நாடு நீண்டு கிடக்கிறது" என்று அனுப்பிவிட்டார்கள். எத்தனை மணி நேரம் ஓட்டுவான், எப்போது உறங்குவான், உறங்க விடாதவனை யார் கேட்பது? இந்த இடத்துக்கு வந்ததும் சட்டத்துக்கு நாக்குத் தடுமாறுகிறது.

நாமக்கல், சங்ககிரி, திருச்செங்கோடு என்ற ஊர்ப் பெயர்களை நெற்றியிலே தாங்கிய வண்டிகளை வடநாட்டுச் சாலைகளிலும் காணலாம். வெறும் சேசிஸாக வந்து சேரும் வண்டிக்கு இங்கே பாடி கட்டுகிறார்கள். எரிவாயு டேங்கரா, கேரளத்துக்கு முட்டை ஏற்றும் வண்டியா, ஊர் ஊராய்ப் போய் ஆழ்துளைக் கிணறு தோண்டும் ரிக் வண்டியா, எதிலே இல்லை இந்த மண்ணின் வியர்வை? மழை பொய்த்த பூமியிலே, ஏர் கைவிட்ட குடும்பங்களுக்குச் சக்கரம் கைகொடுத்தது. அதை நாம் மறக்கவில்லை; மறைக்கவும் இல்லை.

முன்பெல்லாம் பையன் கிளீனராகத்தான் வண்டி ஏறுவான். கயிறு இறுக்குவான், தார்ப்பாய் கட்டுவான், டயரைத் தட்டிப் பார்ப்பான், ரிவர்ஸ் எடுக்கும்போது பின்னால் நின்று குரல் கொடுப்பான். டிரைவரை "அண்ணே, அண்ணே" என்று சுற்றி வருவான். திட்டு வாங்குவான், சில நேரம் உதையும் வாங்குவான். வெறிச்சோடிய சாலையில் அரை மணி நேரம் ஸ்டியரிங்கைத் தொட விட்டால் அன்று அவனுக்குப் பொங்கல்! அந்தக் குருகுலத்துக்கு நாம் வாழ்த்துப்பா பாடப் போவதில்லை. கூலி குறைவு, வயது போதாது, கேள்வி முறையில்லை. ஆனாலும் அதிலே ஒன்று இருந்தது: வண்டியில் இரண்டு பேர் இருந்தார்கள். ஒருவர் கண் சொருகினால் மற்றவர் தோளைத் தட்டுவார்.

இன்று? செலவு கட்டவில்லை என்று கிளீனரை இறக்கிவிட்ட வண்டிகள் எத்தனை! நாமக்கல்லிலே அசோக் லேலண்டு பயிற்சி நிலையம் இருக்கிறது. கும்மிடிப்பூண்டியிலே சாலைப் போக்குவரத்து நிறுவனத்தின் பயிற்சிக் கூடம் இருக்கிறது. அங்கே கியரும் பிரேக்கும் நன்றாகவே கற்றுத் தருகிறார்கள். ஆனால் இரவு இரண்டு மணிக்குப் பக்கத்து இருக்கை காலியாக இருக்கும்போது தோளைத் தட்டுவது யார்?

தருமபுரியிலிருந்து சேலம் வரும் வழியில் தொப்பூர்க் கணவாயைக் கேளுங்கள். அந்த இறக்கத்திலே வண்டியை நியூட்ரலில் விட்டு உருட்டி வருகிறவர்கள் உண்டு; பிரேக் சூடேறிப் பிடிக்காமல் போய், முன்னே போகும் வண்டிகள் மேல் மோதி மாண்டவர்களும் உண்டு. "பொறுப்பற்ற டிரைவர்" என்று அடுத்த நாள் எழுதிவிடுகிறார்கள். ஏன் நியூட்ரலில் போட்டான்? டீசல் மிச்சம். ஏன் டீசல் மிச்சம்? லிட்டருக்கு இத்தனை கிலோமீட்டர் என்று கணக்குக் கேட்கிறார்கள். குறைந்தால் பேட்டாவில் கைவைக்கிறார்கள். இருபது வயதுப் பையனுக்கு இறக்கத்தைவிடக் கணக்கு நோட்டைக் கண்டால்தான் பயம் அதிகம்.

இதற்கெல்லாம் சட்டமே இல்லையா? இருந்தது! 1961ல் வந்தது மோட்டார் போக்குவரத்துத் தொழிலாளர் சட்டம். நாளுக்கு 8 மணி நேரம், வாரத்துக்கு 48 மணி நேரம். நீண்ட தூர வழியென்றால் அனுமதி பெற்று நாளுக்கு 10 மணி நேரம் வரை. ஐந்து மணி நேர உழைப்புக்குப் பின் அரை மணியாவது ஓய்வு. படிக்க இனிக்கிறதல்லவா? அடுத்த வரியைப் படியுங்கள்: ஐந்து தொழிலாளருக்குக் குறையாமல் வைத்திருக்கும் நிறுவனத்துக்கே அது பொருந்தும். மோட்டார் வாகனச் சட்டத்தின் 91ஆம் பிரிவு, ஓட்டுநரின் வேலை நேரத்துக்கு இந்தச் சட்டத்தைத்தான் கைகாட்டியது. கைகாட்டிய வீட்டுக்குப் போனால், ஒற்றை லாரிக்காரரிடம் வேலை பார்க்கும் பையனுக்குக் கதவு சாத்திக் கிடந்தது!

கதவைத் திறப்பார்கள் என்றிருந்தோம். டில்லி என்ன செய்தது? 2020ல் தொழில்சார் பாதுகாப்புத் தொகுப்புச் சட்டம் என்று ஒன்றை நிறைவேற்றி, பழைய சட்டத்தை அதற்குள்ளே கரைத்தது. 2025 நவம்பரில் அதை நடைமுறைக்கும் கொண்டுவந்தது. அதிலே போக்குவரத்து நிறுவனம் என்றால் எத்தனை பேர் இருக்க வேண்டும் தெரியுமா? பத்துப் பேர்! ஐந்து பத்தாயிற்று. சீர்திருத்தம் என்று பெயர் சூட்டினார்கள். சாத்திய கதவுக்குப் பூட்டும் போட்டார்கள்.

இரும்பின் மீது மட்டும் டில்லிக்கு எவ்வளவு நம்பிக்கை! 2018ல் அச்சுச் சுமை வரம்பை ஏறத்தாழ 20 முதல் 25 விழுக்காடு வரை உயர்த்தினார்கள். வண்டி தாங்கும் என்றார்கள். ஓட்டுகிறவன் தாங்குவானா என்று யாரும் எடைபோடவில்லை. 2025 அக்டோபர் முதல் உற்பத்தியாகும் லாரிகளின் கேபினில் குளிர்சாதனம் வேண்டும் என்று விதித்தார்கள்; வரவேற்கிறோம். குளிர்ந்த கேபினிலே பதினாறு மணி நேரம் ஓட்டினால் தூக்கம் இன்னும் சுகமாக வரும் என்பதையும் சொல்லி வைக்கிறோம்!

சிறிய உரிமையாளர்களை நாம் பகைவராகக் காட்டுவதாக எவரும் திரிக்க வேண்டாம். இந்த வட்டாரத்திலே அவர்களில் பலர் நேற்றுவரை ஸ்டியரிங் பிடித்தவர்கள். வீட்டுப் பத்திரத்தை அடகு வைத்து, தவணைக்கு வண்டி எடுத்து, டோல்கேட்டுக்கும் டயருக்கும் கொடுத்தது போக எஞ்சியதிலே வாழ்கிறவர்கள். 2014ல் டீசல் விலைக் கட்டுப்பாட்டை டில்லி கைவிட்ட பிறகு அவர்கள் படும் பாடு நமக்குத் தெரியும். சரக்கை ஏற்றிவிடும் பெரிய கம்பெனியோ, "நாளை மறுநாள் விடியுமுன் வந்து சேர வேண்டும்" என்று சொல்லிவிட்டு நிம்மதியாக உறங்குகிறது. அந்த நேரத்தை நிர்ணயிக்கிறவன் மீதும் பொறுப்பு விழ வேண்டும் என்பதே நம் வாதம்.

கண்காணிக்க முடியாது என்பார்கள் அதிகாரிகள். வேடிக்கை! ஐரோப்பாவிலே வண்டிக்குள்ளேயே கருவி பொருத்தி, நான்கரை மணி நேரம் ஓட்டினால் 45 நிமிடம் ஓய்வு என்று பிடிக்கிறார்கள். அவ்வளவு தூரம் போக வேண்டாம். 2021 பிப்ரவரி முதல் இங்கே ஃபாஸ்டாக் கட்டாயம். எந்த வண்டி எந்தச் சாவடியை எத்தனை மணிக்குக் கடந்தது என்பது அரசின் ஏட்டிலே ஏறுகிறது. காசு பிடிக்கத் தெரிந்த கருவிக்கு மணி பார்க்கத் தெரியாதா? சாலையிலே மடக்குகிறவர்கள் பர்மிட்டைக் கேட்கிறார்கள், எடைச் சீட்டைக் கேட்கிறார்கள், கேட்கக் கூடாததையும் கேட்கிறார்கள். "தம்பி, தூங்கி எத்தனை நேரமாச்சு?" என்று கேட்பாரில்லை.

பத்தாண்டுச் சிறை என்று புதிய குற்றச் சட்டத்தின் 106ஆம் பிரிவில் எழுதியபோது, 2024 ஜனவரியில் ஓட்டுநர்கள் வண்டிகளை நிறுத்தினார்கள். அந்த ஆண்டு ஜூலை 1ல் மற்றப் பிரிவுகள் நடைமுறைக்கு வந்தபோது, அந்த உட்பிரிவு மட்டும் நிறுத்தி வைக்கப்பட்டது. சக்கரம் நின்றால் டில்லிக்குக் காது கேட்கிறது!

டிரைவர் கிடைக்கவில்லை என்கிறார்கள் இப்போது. எப்படிக் கிடைப்பான்? லாரி டிரைவர் என்றால் பெண் கொடுக்கத் தயங்குகிறது ஊர். அரசுப் பேருந்து ஓட்டுகிறவரும் அதே கனரக உரிமம் வைத்திருப்பவர்தான். 1972ல் பல்லவன் போக்குவரத்துக் கழகம் பிறந்தது முதல், கழகப் பேருந்து ஓட்டுநருக்குச் சீருடை உண்டு, மாதச் சம்பளம் உண்டு, விடுப்பு உண்டு, பேசச் சங்கம் உண்டு. லாரிப் பையனுக்கு டிரிப்புக்கு இவ்வளவு. டிரிப் இல்லையேல் பேட்டையிலே படுக்கை.

நாம் கேட்பவை இவைதாம். பத்து என்ற எண்ணை அடித்துவிட்டு, ஒரே வண்டியானாலும் வேலை நேர வரம்பு பொருந்தும் என எழுதுங்கள். இரவு முழுதும் ஓடும் நீண்ட தூர வண்டியிலே இரண்டாவது ஆள் கட்டாயம் என்று வையுங்கள். அந்த ஆள் பயில வந்த இளைஞனானால் அவனுக்குக் குறைந்தபட்சக் கூலி கொடுங்கள்.

டில்லி எழுதும்வரை கைகட்டி நிற்க வேண்டியதில்லை. தமிழ்நாட்டில் அமைப்புசாரா ஓட்டுநர்களுக்கு நலவாரியம் இருக்கிறது. 18 வயது நிரம்பியவர் பதிந்துகொள்ளலாம். பதியாமலே ஓடிக்கொண்டிருக்கிறார்கள் நம் பிள்ளைகள். நாமக்கல், சங்ககிரி, திருச்செங்கோட்டுக் கிளைத் தோழர்கள் விண்ணப்பத் தாள்களோடு இந்த ஞாயிறே லாரிப் பேட்டைக்குப் போக வேண்டும். விடியற்காலை நான்கு மணிக்குப் போங்கள். லோடு இறக்கிவிட்டு வரும் பையன்கள் அந்த நேரத்தில்தான் டீக்கடைக்கு வருவார்கள். பேனாவையும் மறக்காமல் கொண்டு போங்கள்.