ஸ்டியரிங் நடுக்கமும் நமது கூலிக் கணக்கும்

வியாபாரிகளான நாம் கணக்கில் கெட்டிக்காரர்கள் என்று நமக்குள் ஒரு நினைப்பு உண்டு. நூறு ரூபா சாமானிலும் ஐந்து ரூபா குறைத்துக் கேட்காமல் விட மாட்டோம். அப்படிப்பட்ட நானே 104,500 ரூபாவைத் தேவையில்லாமல் கராஜ் கராஜாகக் கொண்டுபோய்க் கொட்டிய கதையை இந்த வாரம் எழுதுகிறேன். வெட்கமாக இருந்தாலும் எழுதத்தான் வேண்டும். ஏனென்றால் பிழையில் பாதிதான் வாகனத்தில் இருந்தது. மற்றப் பாதி, தொழிலாளிக்கு நாம் காசு கொடுக்கும் முறையில் இருந்தது.

2020 மார்ச்சில் வாகன இறக்குமதி நிறுத்தப்பட்டது. தனியார் கார்களுக்கு மீண்டும் வழி திறந்தது 2025 பெப்ரவரியில்தான். இடைப்பட்ட ஐந்து வருடமும் இருக்கிற வாகனத்தையே புதிதாக்கிப் பார்க்கும் ஆசை பலருக்கும் வந்தது. என் மூத்த மகனுக்கும் வந்தது. என்னிடம் இருப்பது 2007ஆம் ஆண்டு டொயோட்டா அக்ஸியோ. 2023இல் அவன் யாரிடமோ பாவித்த 17 அங்குல எலாய் ரிம் நான்கை, டயரோடு வாங்கிப் பூட்டிக்கொண்டு வந்து நின்றான். “வாப்பா, இப்போ பாருங்க, கார் புதுசு மாதிரி இருக்குது” என்றான். உண்மையில் பார்க்க அழகாகத்தான் இருந்தது. நானும் ஒன்றும் சொல்லவில்லை.

கொழும்புக்குள் ஓடும்போது ஒரு குறையும் தெரியவில்லை. அடுத்த வாரம் காலிக்கு வசூலுக்குப் போகக் கொட்டாவையில் அதிவேகப் பாதையில் ஏறினேன். 80ஐத் தாண்டியதும் ஸ்டியரிங் கையில் நடுங்கத் தொடங்கியது. 90இல் மணிக்கட்டு வரை ஆட்டம். 100க்குப் போனால் கொஞ்சம் குறைந்தது. 75க்கு இறக்கினால் ஒன்றுமே இல்லை. காலி போய்ச் சேரும்வரை இடது ஓரத்திலேயே ஊர்ந்து போனேன்.

அதன் பிறகுதான் செலவு தொடங்கியது. டயர் கடையில் பெலன்ஸ் பார்த்தார்கள். போகவில்லை. இன்னொரு கடையில் இரண்டாவது முறை பெலன்ஸ். இரண்டுக்கும் 7,000. பிறகு அலைன்மென்ட், 4,500. அதற்கும் போகவில்லை. இருபது வருடமாக என் வாகனங்களைப் பார்க்கும் பாஸிடம் போனேன். ரெக் எண்ட், லோவர் ஆர்ம் இரண்டு, கூலியோடு 85,000. ஆட்டம் சற்றுக் குறைந்தது போல் இருந்தது. இரண்டு நாளில் பழையபடி. முன் பிரேக் டிஸ்க் இரண்டையும் கடைந்து பார்ப்போம் என்றார். 8,000. அதுவும் வீண். அன்று கராஜ் வாசலில் நின்று அந்த மனிதரிடம் நான் பேசிய பேச்சு சரியானதல்ல. வீட்டுக்கு வந்து மகனையும் ஏசினேன். ஒரு வாரம் அவன் என்னோடு முகம் கொடுத்துப் பேசவில்லை.

கடைசியில் ரிம்மை விற்றுவிடுவோம் என்று டயர் விற்கும் ஒரு சிறிய கடைக்குப் போனேன். அங்கு வேலை செய்த பையனுக்கு இருபத்தைந்து வயதுகூட இருக்காது. அவன் விலை சொல்லவில்லை. கேள்வி கேட்டான்.

“எத்தனைக்குப் போனா ஆட்டம் தொடங்குது, ஹாஜியார்?”

“எண்பது, தொண்ணூறில் தம்பி.”

“பிரேக் பிடிச்சாலா, பிடிக்காமலா?”

“பிடிக்காமலே.”

“கையிலா, சீட்டிலா?”

“கையில்.”

அதுவரை நான் போன எந்த இடத்திலும் இந்த மூன்று கேள்வியை ஒருவரும் கேட்கவில்லை. நானும் சொல்லவில்லை. “ஸ்டியரிங் ஆடுது, பாருங்க” என்று சாவியைக் கொடுத்துவிட்டுத் தேநீர் குடிக்கப் போய்விடுவேன்.

மெஷினில் பூச்சியம், பாதையில் நடுக்கம்

பையன் முன் சில்லு ஒன்றைக் கழற்றினான். ஹப்பின் நடுவில் தள்ளிக்கொண்டு நிற்கும் வட்டத்தை அளந்து காட்டினான். 54.1 மில்லிமீற்றர். பிறகு ரிம்மின் நடு ஓட்டையை அளந்தான். 73.1 மில்லிமீற்றர். “இடையில் 19 மில்லிமீற்றர் வெறுமை, ஹாஜியார். இந்த ரிம் ஹப்பில் உட்காரவே இல்லை. ஐந்து நட்டில் தொங்குது” என்றான்.

விஷயம் இதுதான். கம்பனி ரிம்மின் நடு ஓட்டை அந்தந்த வாகனத்தின் ஹப்புக்கு அளவெடுத்துச் செய்தது. கையுறை போல் பொருந்தும். வெளியில் விற்கும் ரிம் பல வகை வாகனங்களுக்கும் பொதுவாகச் செய்யப்படுவதால் ஓட்டையைப் பெரிதாக விடுகிறார்கள். அந்த இடைவெளியை நிரப்ப ஒரு வளையம் இருக்கிறது. சென்டர் ரிங் என்பார்கள். அது பாரத்தைத் தாங்குவதில்லை. நட் இறுக்கும்போது சில்லைச் சரியாக நடுவில் பிடித்து வைப்பது மட்டுமே அதன் வேலை. வளையம் இல்லாவிட்டாலும், சில்லு தரையில் படாமல் நட்டுகளைக் குறுக்கு மறுக்காக, கொஞ்சம் கொஞ்சமாக இறுக்கினால் பெரும்பாலும் நடுவுக்கு வரும். ஆனால் எயார் கன்னை வைத்து ஒரே மூச்சில் இறுக்குகிற அவசரத்தில் அது ஒரு பக்கம் தள்ளி நின்றுவிடும்.

எவ்வளவு தள்ளி? அரை மில்லிமீற்றர் போதும். டயரும் ரிம்மும் சேர்ந்து 20 கிலோ என்று வைத்துக்கொள்ளுங்கள். அது அரை மில்லிமீற்றர் விலகி நிற்பது, 17 அங்குல ரிம்மின் ஓரத்தில் ஏறக்குறைய 46 கிராம் ஈயத்தை ஒட்டிவிட்டதற்குச் சமன். 46 கிராம்தானே என்று நினைக்க வேண்டாம். மணிக்கு 90 கிலோமீற்றரில் அது சில்லை ஆறு கிலோவுக்கு மேற்பட்ட விசையில், ஒவ்வொரு சுற்றிலும் வெளியே இழுக்கிறது. என் டயர் ஒரு சுற்றுக்கு ஏறக்குறைய 2 மீற்றர் ஓடும். 90 என்பது செக்கனுக்கு 25 மீற்றர். ஆக, செக்கனுக்குப் பன்னிரண்டு, பதின்மூன்று இழுப்பு. முன் சில்லும் அதைத் தாங்கும் சஸ்பென்ஷனும் இயல்பாகக் குலுங்கும் கதியும் அதற்குக் கிட்டத்தான். ஊஞ்சலை அது திரும்பி வரும் நேரம் பார்த்துத் தள்ளினால் உயரப் போகிறதல்லவா, அது போலத்தான் 90இல் ஆட்டம் கூடுவதும் அதைத் தாண்டினால் குறைவதும். நகரத்துக்குள் 50க்குள் ஓடும்போது இது தெரியாமல் போனதற்கும் காரணம் அதுதான்.

பெலன்ஸ் பார்த்த இரண்டு கடையும் என்னை ஏமாற்றவில்லை. பெலன்ஸ் மெஷினில் ரிம்மின் நடு ஓட்டைக்குள் ஒரு கூம்பைச் செருகி நடுவில் நிறுத்துகிறார்கள். அங்கே சில்லு சரியாக நடுவில் சுற்றுகிறது. மெஷின் பூச்சியம் காட்டுகிறது. வாகனத்தில் பூட்டினால் அந்தக் கூம்பு இல்லை. கணக்குப் புத்தகத்தில் பெலன்ஸ் சரியாக இருந்து லாச்சியில் காசு இல்லாத கடையைப் போலத்தான் இது.

ரெக் எண்டும் ஆர்மும் தேய்ந்திருந்ததும் உண்மைதான். பதினாறு வருடக் கார். ஆனால் தேய்ந்த பாகம் இந்த நடுக்கத்தை உண்டாக்கவில்லை, பெரிதாக்கிக் காட்டியது. அதனால்தான் மாற்றியதும் சற்றுக் குறைந்தது போல் தெரிந்தது. அலைன்மென்ட் பிழைத்தால் வாகனம் ஒரு பக்கம் இழுக்கும், டயர் ஓரமாகத் தேயும், இப்படி நடுங்காது. டிஸ்க் பிழை என்றால் பிரேக் மிதிக்கும்போதுதான் ஆடும். பையன் கேட்ட மூன்று கேள்வியை முதல் நாளே யாராவது கேட்டிருந்தால் இவை எல்லாம் அப்போதே தள்ளுபடியாகியிருக்கும்.

உங்கள் வாகனத்தில் ஆட்டம் வந்தால்

முதலில் நட். புதிதாக ரிம் பூட்டிய வாகனத்தில் ஆட்டம் வந்தால், ஓரமாக நிறுத்தி நட்டுகளைப் பாருங்கள். என் வாகனத்தில் இரண்டு நட் தளர்ந்திருந்ததைப் பையன் காட்டினான். அல்லாஹ் பாதுகாத்தான். கொரொல்லா வகைக்கு 103 நியூட்டன் மீற்றர் என்ற இறுக்கம் இருக்கிறது; டோர்க் ரெஞ்ச் வைத்திருக்கும் இடத்தில் இறுக்கி, 50 முதல் 100 கிலோமீற்றர் ஓடியபின் மீண்டும் பாருங்கள். நட்டின் வாயும் ரிம்முக்குப் பொருந்த வேண்டும். டொயோட்டாவின் எலாய் ரிம் பலவற்றுக்குத் தட்டையான வாஷர் வைத்த நட். ஹொண்டாவுக்கு உருண்டை வாய். வெளி ரிம்முக்குப் பெரும்பாலும் கூம்பு வாய். மாறிப் பூட்டினால் உயிருக்கே ஆபத்து.

இரண்டாவது, எந்த வேகத்தில், எந்த இடத்தில் என்று குறித்துக்கொள்ளுங்கள். கையில் ஆடினால் முன் சில்லு. சீட்டில் ஆடினால் பெரும்பாலும் பின் சில்லு. 30, 40இலேயே தள்ளாடினால் ரிம் வளைந்திருக்கலாம், அல்லது டயரின் உள் பட்டி விலகியிருக்கலாம். டயரில் புடைப்பு கண்டால் அதோடு ஓடக் கூடாது.

மூன்றாவது, கழற்றிய பழைய ரிம்மைத் தூக்கி எறியாதீர்கள். அதைப் பூட்டி ஓடிப் பாருங்கள். ஆட்டம் நின்றால் பிழை புது ரிம்மில்; நிற்காவிட்டால் வாகனத்தில். இதைவிடச் சுருக்கமான பரிசோதனை இல்லை. எங்கள் வீட்டுக் கூரையறையில் நான்கு இரும்பு ரிம்மும் சும்மா கிடந்தன. வெண்ணெயை வைத்துக்கொண்டு நெய்க்கு அலைந்தேன்.

நான்காவது, சில்லை ஜக்கில் தூக்கிச் சுற்றி, ரிம்மின் ஓரத்துக்கு அருகே ஒரு சோக்குக் கட்டியை அசையாமல் பிடித்தால் வளைவு தெரியும். 15 அங்குல ரிம்மில் 195/65 டயருக்கு 127 மில்லிமீற்றர் பக்கச் சுவர் இருந்தது. இப்போது 215/45. சுவர் 97 மில்லிமீற்றர்தான். குழியில் விழுந்தால் அடி நேரே ரிம்முக்குத்தான். பெரிய ரிம் போடுகிறவர் இதைத் தெரிந்துகொண்டு போட வேண்டும்.

இவ்வளவும் பார்த்தபின்தான் பேரிங், போல் ஜொயின்ட், ஆர்ம் என்று பெரிய செலவுக்குப் போக வேண்டும். நான் தலைகீழாகப் போனேன்.

பிழை யாருடையது?

நான்கு வளையத்துக்கு 4,000 ரூபா. பூட்டி, ஓடிப் பார்த்தோம். 100 வரை ஸ்டியரிங் அசையவில்லை. “பார்த்ததுக்கு 2,000 தாங்க” என்றான் பையன். எனக்கு உடனே வாயில் வந்தது என்ன தெரியுமா? “அரை மணித்தியாலம்தானே தம்பி?” சொல்ல வாயெடுத்து அடக்கிக்கொண்டேன்.

அப்போதுதான் உறைத்தது. இருபது வருடத்தில் என் பாஸுக்கு, பார்த்துப் பிழையைச் சொன்னதற்காக நான் ஒரு சதம் கொடுத்ததில்லை. பாகம் மாற்றினால் காசு. மாற்றாவிட்டால் “நன்றி பாஸ்” மட்டும். ஒரு மணித்தியாலம் யோசித்து, “பாகம் ஒன்றும் வேண்டாம், நட்டைச் சரியாக இறுக்குங்கள்” என்று அவர் சொல்லியிருந்தால் அன்றைக்கு அவர் வீட்டுக்கு என்ன கொண்டுபோவார்? பார்வைக்குக் கூலி இல்லாத இடத்தில் பாகம்தான் விற்கும். அந்தச் சந்தையை உண்டாக்கியது நாம்தான்.

இந்தத் துறையில் இருக்கும் சகோதரர்களுக்கு இரண்டு வார்த்தை. கராஜ் வைத்திருப்பவர்கள் ‘பரிசோதனைக் கூலி இவ்வளவு’ என்று பலகையில் எழுதி வையுங்கள். முதல் மாதம் நாலு பேர் முணுமுணுப்பார்கள். ஆனால் வேலையைப் பார்த்துச் சொல்கிற இடம் என்று பெயர் வந்தால் அந்தப் பெயரே உங்கள் முதல். ரிம் விற்பவர்கள், வாகனம் என்னவென்று கேட்டு, வளையத்தையும் பொருத்தமான நட்டையும் சேர்த்து விற்றுவிடுங்கள். வாங்குகிறவர் யானையை வாங்கிவிட்டு அங்குசத்துக்குப் பேரம் பேசினால், அந்த அங்குசம் இல்லாமல் யானை என்ன செய்யும் என்று எடுத்துச் சொல்லுங்கள். சொல்லாமல் விற்றால் நடுங்குவது வாடிக்கையாளரின் கை; கெடுவது உங்கள் பெயர்.

மகனோடு சமாதானமாகிவிட்டேன். பாஸிடமும் போனேன். வளையத்தைக் காட்டியதும் கொஞ்ச நேரம் கையில் வைத்துத் திருப்பித் திருப்பிப் பார்த்தார். “இது எனக்குத் தெரியாமல் போச்சே” என்றார். அன்று பேசியதற்கு மன்னிப்புக் கேட்டேன். இப்போது அவரிடம் வாகனம் கொண்டுபோனால் சாவியைக் கொடுக்க முன் நான் கேட்பது ஒரே கேள்விதான்: “பாஸ், பார்த்துச் சொல்ல எவ்வளவு?”

முதல் தடவை அவர் சிரித்தார். இரண்டாவது தடவை விலை சொன்னார். கொடுத்தேன்.