வெற்றிடத்தை நிரப்பவா, தொழிலைக் கற்கவா? புதிய ஆசிரியர்களின் முதல் வருடம்

2021 நவம்பர் 23 ஆம் திகதி குறிஞ்சாக்கேணியில் படகுப் பாதை கவிழ்ந்து மாணவர்கள் உட்படப் பலர் உயிரிழந்தனர். பாடசாலைக்குச் செல்லும் வழியே எங்கள் பிள்ளைகளுக்கு எவ்வளவு ஆபத்தானது என்பதை அன்று முழு நாடும் பேசியது. ஆனால் அந்த வழியைக் கடந்து வகுப்பறைக்குள் செல்லும் பிள்ளைக்குக் கற்பிப்பவர் எந்தளவு தயார்படுத்தப்பட்டவர் என்ற கேள்வி பெரிதாக எழுவதில்லை.

இதற்கான ஏற்பாடு இலங்கையில் இல்லாமலில்லை. 1986 இன் 30 ஆம் இலக்கச் சட்டத்தின் கீழ் உருவான தேசிய கல்வியியற் கல்லூரிகளில் பயிற்சிக் காலம் மூன்று வருடங்கள். முதல் இரண்டும் கல்லூரியில் தங்கியிருந்து கற்பவை. மூன்றாவது வருடம் பாடசாலையில் கட்டுறு பயிற்சி. அனுபவமுள்ள ஆசிரியர் ஒருவரின் அருகிலிருந்து பார்த்து, கற்பித்து, தவறைத் திருத்திக்கொள்வதே அந்த வருடத்தின் நோக்கம்.

ஆளணி நிரம்பிய நகரப் பாடசாலையில் இது ஓரளவு நடக்கும். ஆசிரியர் பற்றாக்குறையுள்ள கிராமப் பாடசாலையில், பயிலுனர் வந்த வாரமே முழு நேரசூசியும் அவர் கையில் விழுகிறது. அதிபரையும் குறைகூற முடியாது. ஆளில்லாத வகுப்பை அவர் என்ன செய்வார்? வழிகாட்ட வேண்டிய மூத்த ஆசிரியருக்கும் ஓய்வுப் பாடவேளை இருக்காது. சில பாடங்களுக்கு அப்படியொரு மூத்தவரே இருக்கமாட்டார்.

பட்டதாரி நியமனங்களில் நிலைமை இன்னும் தலைகீழானது. பலருக்கு நியமனம் முதலில், கல்வி டிப்ளோமா பல வருடங்கள் கழித்து. யுத்த காலத்தில் வடக்கு கிழக்கின் பல பாடசாலைகளைத் திறந்து வைத்திருந்தவர்கள் தொண்டர் ஆசிரியர்கள். அவர்களும் வழிகாட்டலின்றித் தனித்தே தொழிலைக் கற்றார்கள். அன்று அது நிர்ப்பந்தம். 2009 இல் யுத்தம் முடிந்த பின்னரும் அதுவே வழக்கமாகத் தொடர்வதை நியாயப்படுத்த முடியாது.

இங்கிலாந்தில் 2021 செப்டெம்பரிலிருந்து புதிய ஆசிரியருக்கு இரண்டு வருட வழிகாட்டல் உண்டு. முதல் வருடம் பாடவேளையில் 10 வீதமும் அடுத்த வருடம் 5 வீதமும் குறைக்கப்படுகிறது. அந்த அளவு வளம் எங்களிடம் இல்லைதான். ஆனால் வழிகாட்டும் ஆசிரியருக்கு வாரத்தில் சில பாடவேளைகளை விடுவிக்கலாம். அயலிலுள்ள சிறிய பாடசாலைகளுக்குப் பாடவாரியாக ஒரு வழிகாட்டியைப் பொதுவாக வைக்கலாம். ஆசிரிய ஆலோசகர்கள் புதியவர்களின் வகுப்புகளுக்கே முதலில் செல்லலாம். இவற்றை வலயக் கல்விப் பணிமனை மட்டத்திலேயே தொடங்க முடியும்.

வழிகாட்டலின்றிக் கழியும் அந்த முதல் வருடத்தின் விலையை ஆசிரியர் மட்டும் செலுத்துவதில்லை. வசதியுள்ள வீட்டுப் பிள்ளை பிரத்தியேக வகுப்பில் அதை ஈடுசெய்துகொள்ளும். கடற்றொழிலாளியின், கூலித் தொழிலாளியின் பிள்ளைக்குப் பாடசாலை மட்டுமே இருக்கிறது.