தனுஷ்கோடிக்கு ரயில் வேண்டாம், நிலையத்தைக் காப்பாற்றுங்கள்



ராமேஸ்வரத்திலிருந்து தனுஷ்கோடிக்கு மறுபடியும் தண்டவாளம் போட வேண்டும் என்ற கோரிக்கை ஓய்ந்தபாடில்லை. சுமார் 17 கி.மீ. தூரத்துக்கு, 208 கோடி ரூபாய் மதிப்பீட்டில், 2019 மார்ச் 1 அன்று கன்னியாகுமரியில் பிரதமர் அடிக்கல் நாட்டிய திட்டம் இது. சுற்றுச்சூழலைச் சொல்லி மாநில அரசு ஆட்சேபித்தது; வேலை நடக்கவில்லை. நடக்காததே நல்லது என்பேன். வரலாற்றைச் சொல்லிப் புதுப்பாதை கேட்கிறவர்கள், அந்த வரலாற்றில் மிஞ்சி நிற்கும் பழைய நிலையத்தின் சுவர்களைப் பற்றிப் பேசாததுதான் வேதனை.

அந்த நிலையம் எதற்காக வந்தது என்பதை முதலில் பார்க்க வேண்டும். 1914 பிப்ரவரியில் பாம்பன் பாலம் திறக்கும்வரை கொழும்புக்குப் போகிறவர்கள் தூத்துக்குடியில் கப்பல் ஏறினார்கள். பாலம் வந்ததும் தென்னிந்திய ரயில்வே தீவின் முனைவரை ரயிலைக் கொண்டுபோய், அங்கிருந்து எதிர்க்கரையான தலைமன்னாருக்கு நீராவிக் கப்பல் விட்டது. சென்னையில் ஒரே டிக்கெட் எடுத்தால் ரயில், கப்பல், மறுபடி ரயில் என்று கொழும்புவரை போய்விடலாம். போட் மெயில் என்ற பெயர் அப்படி வந்ததுதான். பாம்பனிலிருந்து தனுஷ்கோடிக்கு நேர்ப்பாதை, ராமேஸ்வரத்துக்குக் கிளைப்பாதை என்பதுதான் அன்றைய அமைப்பு. இவ்வளவு பெரிய கோயில் இருக்கும் ஊருக்குக் கிளையை விட்டுவிட்டு மணல்முனைக்கு நேர்ப்பாதை போட்டார்கள் என்றால், அது கப்பலுக்காகத்தான். அங்கிருந்த சுங்க அலுவலகமும் தபால் நிலையமும் கப்பலை நம்பி எழுந்தவையே. மலையகத் தேயிலைத் தோட்டங்களுக்குப் போன நம் சனங்கள் மண்டபம் முகாமில் நோய்த்தடுப்புக் காவலில் இருந்துவிட்டு, இந்த வழியாகத்தான் கடல் தாண்டினார்கள். அந்த நிலையத்தின் மதிப்பு இதில் இருக்கிறது. சுற்றுலா அதற்கு எந்தக் காலத்திலும் காரணமாக இருந்ததில்லை.

1964 அக்டோபர் 30 அன்று சிறிமாவோ–சாஸ்திரி ஒப்பந்தம் கையெழுத்தானது. லட்சக்கணக்கான மலையகத் தமிழர்கள் இந்தியா திரும்ப வேண்டும் என்று முடிவாகி இரண்டு மாதம்கூட ஆகாத நிலையில், டிசம்பர் 22 நள்ளிரவில் புயல் வந்தது. பாம்பனிலிருந்து போன 653ஆம் எண் பாசஞ்சர் ரயில், தனுஷ்கோடியை நெருங்கிய இடத்தில், நூற்றுக்கும் மேற்பட்டவர்களோடு கடலில் போயிற்று. சிதைந்த பாம்பன் பாலத்தை 46 நாட்களில் செப்பனிட்ட அதே ரயில்வே தனுஷ்கோடிக்குத் திரும்பவில்லை. குடியிருக்கத் தகுதியற்ற ஊர் என்று அரசே அறிவித்தது. கப்பல் ராமேஸ்வரத்துக்கு மாறியது. தாயகம் திரும்பியவர்கள் அங்கேதான் வந்து இறங்கினார்கள். இலங்கைப் போரால் 1980களில் போக்குவரத்து நிற்கும்வரை கப்பல் ராமேஸ்வரத்திலிருந்தே ஓடியது. ஆக, கப்பல் ஓடிய காலத்திலேயே ரயில் தனுஷ்கோடிவரை போகத் தேவைப்படவில்லை. கப்பலே இல்லாத இன்று எதற்கு?

தொழில்நுட்பம் வளர்ந்துவிட்டதே, 2025 ஏப்ரலில் புதிய பாம்பன் பாலமே திறந்தாயிற்றே என்று கேட்கலாம். பாலத்தைக் கட்டிய பொறியாளர்களின் திறமையில் எனக்குச் சந்தேகமில்லை. ஆனால் மண்டபத்தையும் பாம்பனையும் இணைக்கும் பாலம் ஒரு தீவு முழுவதற்கும் வழி. தனுஷ்கோடியோ இருபுறமும் கடல் அரிக்க, காற்றுக்கு இடம் மாறும் மணல்திட்டு. அங்கே பாதையைக் கட்டிக் காப்பது ஆண்டுதோறும் தொடரும் செலவு. தலைமன்னார் இறங்குதுறைவரை 2015இல் ரயில் மீண்டும் ஓடத் தொடங்கியதைச் சிலர் எடுத்துக்காட்டுகிறார்கள். அந்தக் கரையில் ரயில் தயாராகிப் பல ஆண்டுகள் ஆகியும் இந்தப் பக்கத்திலிருந்து கப்பல் போகவில்லை. 2023இல் காங்கேசன்துறைக்குக் கப்பல் விட்டபோதும் அது நாகப்பட்டினத்திலிருந்துதான் கிளம்பியது. தலைமன்னாருக்குக் கப்பல் வரட்டும், மனமார வரவேற்போம். அதற்கும் ராமேஸ்வரம் நிலையமே போதும்.

சுற்றுலாவால் மீனவக் குடும்பங்களுக்கு நாலு காசு கிடைக்கும் என்பது புறந்தள்ள முடியாத வாதம். அரிச்சல்முனைவரை 2017இல் சாலை வந்துவிட்டது. பேருந்தும் வேனும் போகின்றன. கடை வைத்திருப்பவர்களுக்கு வேண்டியது குடிநீர், நிழல், கழிப்பறை. பூநாரைகள் வந்து தங்கும் அந்தப் பரப்பை 2025இல் தமிழக அரசு சரணாலயமாக அறிவித்திருக்கிறது. அதன் பக்கத்தில் மண்ணைக் கொட்டி ரயில் பாதை போடுவது அந்த அறிவிப்பையே வெறும் காகிதமாக்கிவிடும். இன்னொன்றையும் சொல்ல வேண்டும். எங்கள் கடலாடி, சாயல்குடி பக்கத்து மக்களுக்கு ரயில் என்றால் ராமநாதபுரத்துக்கோ பரமக்குடிக்கோ பேருந்து ஏறித்தான் போக வேண்டும். ராமநாதபுரத்திலிருந்து தூத்துக்குடிக்குக் கடலோரப் பாதை என்பது சர்வேயைத் தாண்டவில்லை. ஆள் குடியிருக்கும் ஊர்கள் காத்திருக்கும்போது, குடியிருக்கக் கூடாதென்று அரசு சொன்ன இடத்துக்கு 208 கோடி ரூபாய் நியாயமில்லை.

தனுஷ்கோடி நிலையத்தின் சுவர்களை உப்புக்காற்றுக்கும் பெயர் கிறுக்குகிறவர்களுக்கும் விட்டுவைக்காமல், அதைப் பாதுகாக்கப்பட்ட சின்னமாக அறிவிக்க வேண்டும். அந்த ரயிலில் இறந்தவர்களுக்கும், அவ்வழியே கடல் கடந்த தொழிலாளர்களுக்கும் அங்கே நினைவுக்கல் வைத்து, நிலையத்தின் கதையைத் தமிழில் எழுதி வைக்க வேண்டும். தெற்கு ரயில்வேயும் மாநிலத் தொல்லியல் துறையும் கலந்து பேசி, அடுத்த வடகிழக்குப் பருவமழைக்கு முன்பாவது இந்த வேலையைத் தொடங்குமாறு கேட்டுக்கொள்கிறேன்.

இப்படிக்கு,
வாசகர் ஒருவர்,
கடலாடி, ராமநாதபுரம் மாவட்டம்.