வினாவுக்குத் தாழிடலாமா?

“தத்துவம் கற்றால் ஈமான் தளரும்; வாழ்வின் நோக்கம் யாதெனப் பாமரர் வினவலாகாது” என்று நம்மவருள் சிலர் இளைஞர் வாயை அடைக்கின்றனர். அதற்கு இமாம் கஸ்ஸாலி (ரஹ்) அவர்களையே சான்றும் காட்டுகின்றனர். இஃது இமாமுக்கு இழைக்கும் அநீதி என்போம்.

தத்துவவாதிகளை மறுத்துத் ‘தஹாஃபுத்’ எழுதிய அப்பெருமகனார், அவர்தம் கொள்கைகளை ‘மகாஸித்’ என்னும் நூலில் முறையாக விளக்கியவரும் ஆவார். ஈராண்டுக்கும் குறைவாகக் கற்று, மேலும் ஓராண்டளவு சிந்தித்ததாகத் தம் வரலாற்றில் அவரே குறிக்கிறார். 1095இல் பாக்தாத் நிஜாமிய்யாவின் உயர்பதவியை அவர் துறந்ததும், ‘யாருக்காகக் கற்பிக்கிறோம்?’ என்ற வினா உள்ளத்தை உலுக்கியதால் அன்றோ!

நம் வேங்கிக்காலை அடுத்த அண்ணாமலையில், 1902ஆம் ஆண்டளவில் சிவப்பிரகாசம் பிள்ளை என்ற வருவாய்த்துறை அலுவலர், இளந்துறவியாயிருந்த ரமணரிடம் ‘நான் யார்?’ என்று கேட்டார். அங்கே கிடைத்த விடை நமதன்று. வினாவோ மனிதர் அனைவர்க்கும் பொது.

நமக்குரிய விடை திருமறையில் உண்டு: படைத்தவனை அறிந்து வணங்குதல். வினவாதவன் அதனை உதட்டில் சுமப்பான். வினவித் தெளிந்தவன் உள்ளத்தில் சுமப்பான். தடுக்கப்பட்ட வினா மாய்வதில்லை. வேறு வாசலைத் தேடும். ஆதலின் பெற்றோரே, பிள்ளைகள் கேட்டால் சினவாதீர், உடனமர்ந்து சிந்தியுங்கள்!