ஒரே அறை, ஒரே கைப்பேசி



2020-ஆம் ஆண்டு ஆகஸ்ட் 10-ஆம் தேதி, டெல்லிப் பல்கலைக்கழகம் இறுதியாண்டு மாணவருக்கு இணையவழியில், புத்தகத்தைப் பார்த்தே எழுதும் தேர்வைத் தொடங்கியது. பிள்ளைகள் மகிழ்ந்திருப்பார்கள் என்றுதானே எண்ணுவீர்கள்? மாறாக, அத்தேர்வை எதிர்த்து உயர்நீதிமன்றம்வரை சென்றார்கள். பார்வையற்ற மாணவரும் அவ்வழக்கில் இருந்தனர்.

அவ்வாண்டின் பிற்பகுதியில் நம் சபையார் வீடொன்றுக்கு ஜெபிக்கச் சென்றிருந்தேன். ஒரே அறை. வேலை இழந்த தகப்பனார் ஒரு மூலையில். தம்பி தொலைக்காட்சி முன்பு. வேறொரு பல்கலைக்கழகத்தில் பயிலும் மகள், கையால் எழுதிய தாள்களைக் கைப்பேசியில் படமெடுத்து அனுப்பும்போது இணைப்பு அறுந்து, அழுதுகொண்டிருந்தாள். "பதில் எழுதிவிட்டேன் பாஸ்டர், அனுப்பத்தான் முடியவில்லை" என்றாள். தாயாரோ, "காலையிலிருந்து போனையே பார்க்கிறாள்" என்று குறைப்பட்டார். அண்டை வீட்டு இணைப்பில் கடைசி நிமிடத்தில் தாள்கள் போய்ச் சேர்ந்தன. அந்நேரத்தில் நான் அங்கே அமர்ந்திருந்ததும் அவளுக்கு ஓர் இடைஞ்சலே என்பது வெளியே வந்தபின்தான் எனக்கு உறைத்தது.

2022-இலோ காட்சி மாறிற்று. கல்கத்தா பல்கலைக்கழகம் தேர்வறைக்கு அழைத்தபோது, இணையவழித் தேர்வே வேண்டும் என்று மாணவர் போராடினார்கள். பல்கலைக்கழகம் இணங்கவில்லை. பார்த்தெழுதவே கேட்கிறார்கள் என்று பெரியவர் பலர் தீர்ப்பிட்டனர். சிலர் விஷயத்தில் அது மெய்யாயிருக்கலாம். ஆயினும் பாடங்கள் முழுமையாக நடத்தப்படவில்லை என்ற அவர்களுடைய முறையீட்டை எத்தனை பேர் செவிகொடுத்துக் கேட்டோம்?

பாடம் வேறு, தேர்வு வேறு. பதிவுசெய்த பாடம் பாதியில் நின்றால் மறுபடியும் கேட்கலாம். தேர்வு நின்றால் ஓர் ஆண்டே போகக்கூடும். 2017-இல் தொடங்கப்பட்ட மத்திய அரசின் ஸ்வயம் தளத்தில் பாடங்களை வீட்டிலிருந்தே இலவசமாகக் கற்கலாம். சான்றிதழ்த் தேர்வுக்கோ கட்டணம் செலுத்தி, கண்காணிப்புடன் எழுத வேண்டும். இந்த ஏற்பாடு எனக்கு நியாயமாகவே தோன்றுகிறது.

முறையான அங்கீகாரம் பெற்ற இணையவழிப் பட்டம், கல்லூரிக்குச் சென்று பெறும் பட்டத்திற்கு இணையானது என்று பல்கலைக்கழக மானியக் குழு 2022 செப்டம்பரில் தெளிவுபடுத்தியது. ஆகையால் வேலைக்குச் சென்றுகொண்டே படிக்க உங்கள் பிள்ளை விரும்பினால் உடனே மறுக்காதிருங்கள். பணம் கட்டுமுன் அந்நிறுவனமும் அப்படிப்பும் குழுவின் பட்டியலில் உண்டா என்று பாருங்கள். தேர்வு மையத்திலா, வீட்டிலா என்றும் விசாரியுங்கள். வீட்டில்தான் என்றால், அந்தச் சில மணி நேரம் அறையை அவர்களுக்கு விட்டுக்கொடுங்கள். பாஸ்டர் வந்தாலும், பிறகு வரச் சொல்லுங்கள்.